பதினொரு கிராம் குறைவு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கையில் எதைக் கொடுத்தாலும் எடை சொல்லிவிடுவேன். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையாக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையாக இருந்தாலும் சரி, வாங்கி ஒருமுறை ஏந்திப் பார்த்தால் போதும், வாயில் எண் வந்துவிடும். பிள்ளையைப் பெற்றவர்கள் முறைப்பார்கள். என் மனைவி ஜைத்தூன் இடுப்பில் கிள்ளுவாள். என்ன செய்வது, போடிநாயக்கனூர் ஏலக்காய் மண்டியில் இருபது வருஷமாக லிட்டர் பார்க்கிற கை.

லிட்டர் பார்ப்பது என்றால், மலையிலிருந்து இறங்கிய மூட்டையில் ஒரு லிட்டர் படி நிறையக் காயை அள்ளி, தலை தட்டி, நிறுத்துப் பார்ப்பது. முற்றிய காய் என்றால் அந்த ஒரு லிட்டர் கனக்கும். பிஞ்சும் சொத்தையும் கலந்தால் இலேசாகிவிடும். அதை வைத்துத்தான் மூட்டையின் தரம். படியின் சொந்த எடை காயோடு சேர்ந்துவிடக் கூடாதே என்று, தராசின் மறு தட்டில் காலிப் படிக்குச் சரியான ஒரு கல் வைப்போம். கல் என்பது பேருக்குத்தான். எங்கள் மண்டியில் அது துணியில் முடிந்த பழைய ஆணிகள். துணி கிழியும், ஆணி துருப்பிடிக்கும், குரங்கணியிலிருந்து காய் கொண்டு வருபவர்கள் அதை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அந்த முடிச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு அழகான ஒரு கல் வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அந்த ஆசைதான் என்னை மதுரை ஆஸ்பத்திரியில் முப்பத்தெட்டு நாள் படுக்க வைத்தது.

என் தம்பி ஷேக் சரக்குக் கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். எண்பதுகளின் நடுவில் ஒரு லீவில் வந்தவன், பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவே இருந்து ஒரு உலோகத் தண்டை எடுத்து என்னிடம் நீட்டினான். விரல் நீளம், கட்டைவிரல் பருமன், ஒரு முனை கூர், கறுத்த நிறம். நீட்டும்போதே என் கண் நூற்றிருபது கிராம் என்று சொல்லிவிட்டது. கையில் விழுந்ததும் கை முன்னூறு என்றது. என் கண்ணும் கையும் அதற்கு முன் ஒரு நாளும் இப்படிச் சண்டை போட்டதில்லை. மண்டிக்கு ஓடி நிறுத்துப் பார்த்தேன். கை சொன்னதுதான் சரி. ஈயக் கட்டிகூட அந்த அளவுக்கு இவ்வளவு கனக்காது.

ஷேக் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னான். அவன் போன கப்பலை ஒரு வெளிநாட்டு ராணுவம் சரக்கு ஏற்ற வாடகைக்கு எடுத்திருந்தது. விமானத்திலிருந்து டாங்கியைச் சுடுகிற குண்டுகளின் உள்தண்டு இது; மருந்தோடு இன்னும் சேர்க்காதது, வெடிக்காது. மரப்பெட்டிகளில் அடுக்கி ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குப் போனது. நடுக்கடலில் காற்றடித்துப் பெட்டிகள் சரிந்து உடைந்தன. பொறுக்கி அடுக்கினார்கள். பலகைக்கு அடியில் ஒன்று தங்கியிருந்ததை இவன் பின்னால் கண்டெடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"அண்ணே, ஒனக்கு எடைன்னா உசுருன்னுதான் கொண்டாந்தேன். யார்ட்டயும் எங்கருந்து வந்துச்சுன்னு சொல்லிறாத. தெரிஞ்சா கப்பல் புத்தகத்தப் புடுங்கிருவாய்ங்க," என்றான்.

கப்பல் புத்தகம் போனால் கடல் வேலை போயிற்று. கம்பத்தில் அவனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண் வீட்டார் கப்பல்காரன் என்றுதான் சம்மதித்திருந்தார்கள். கையடித்துச் சத்தியம் செய்தேன்.

அடுத்து நான் செய்ததை உலகத்தில் வேறு எந்தக் கிறுக்கனும் செய்திருக்க மாட்டான். தண்டின் எடைக்கும் எங்கள் காலிப் படியின் எடைக்கும் பதினொரு கிராம்தான் வித்தியாசம். அதைக் குறைத்துவிட்டால் ஆயுசுக்கும் துருப்பிடிக்காத கல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மண்டியின் எடை அறையில் உட்கார்ந்து அரத்தால் ராவ ஆரம்பித்தேன். ராவுவதும் தராசில் போடுவதும் மறுபடி ராவுவதும். காற்றடித்தால் தட்டு ஆடும் என்று சன்னலையும் கதவையும் அடைத்து வைத்திருந்தேன். பத்துப் பதினைந்து மதியங்கள் போயின.

அரம் பட்ட இடத்தில் பொறி பறந்தது. சாணைக் கல்லில் தீட்டினால் இரும்பில் பொறி பறக்கும்; கை அரம் பட்டுப் பறந்து நான் பார்த்ததில்லை. ராவிய இடம் வெள்ளி போல இருந்தது. மறுநாள் தங்க நிறம் ஏறியது. நாலு நாளில் பழையபடி கறுத்தது. இது என்ன மாயம் என்று பொழுதுக்கும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டியில் படிந்த கறுப்புத் தூளைத் தட்டிவிட்டு, மிச்சத்தை வாயால் ஊதிவிட்டு, வேலையைப் பார்த்தேன். கடைசியில் முள் நடுவில் நின்றது. ஷேக் அப்போது திரும்பக் கப்பலுக்குப் போயிருந்தான், ஒரு சின்னப் பயணம். வந்ததும் நிக்காஹ் என்று பேச்சு.

மூன்று வாரம் கழித்துக் கால் வீங்கியது. சிறுநீர் குறைந்து, நுரைத்தது. நாலு படி ஏறினால் உட்காரச் சொன்னது உடம்பு. போடியிலேயே ஒரு டாக்டரிடம் போனேன். அந்தக் காலத்துச் சோதனை எளிது: குழாயில் ஒரு நீல மருந்து, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், அடியில் ஸ்பிரிட் விளக்கு. சர்க்கரை இல்லை என்றால் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள். எனக்குச் செங்கல் நிறம் வந்தது. சர்க்கரை வியாதி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் தராசுக்கு முன்னாலேயே கண் இருட்டி விழுந்தேன். வேர்த்து நனைந்துவிட்டதாம். வீட்டுக்குத் தூக்கி வந்தபோது ஜைத்தூன் என்ன நினைத்தாளோ, வாயில் கருப்பட்டியை வைத்து அழுத்தினாள். கண் திறந்தேன்.

சர்க்கரைக்காரனுக்குச் சர்க்கரை கொடுத்தால் எப்படிக் கண் திறக்கும் என்று கேட்டேன். அவள், பேசாமல் படுங்கள் என்றாள். மறுநாள் காலை ரயிலில் மதுரைக்குக் கூட்டிப் போனாள்.

ஆஸ்பத்திரியின் வெளிவராந்தாவில் ஒரு பகல் முழுதும் காத்திருந்தோம். சீட்டு வாங்க ஒரு வரிசை, சீட்டைக் காட்ட ஒரு வரிசை, இரத்தம் கொடுக்க ஒரு வரிசை. முன்னால் நின்றவர்களின் கைப்பைகளைப் பார்த்து எடை போட்டுக்கொண்டிருந்தேன். பயத்துக்கு அது நல்ல மருந்து. சாயங்காலம் வார்டில் படுக்கை கிடைத்தது. எங்களைப் பார்த்த டாக்டரம்மா வயதில் சின்னவர். ஒரு கையில் இரத்தச் சீட்டையும் இன்னொரு கையில் சிறுநீர்ச் சீட்டையும் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

"பாய், ரத்தத்துல சர்க்கரை சரியாத்தான் இருக்கு. யூரின்ல மட்டும் கொட்டுது. ஒங்களுக்குச் சர்க்கரை வியாதி இல்ல. அந்த மாத்திரை சரியா இருந்த சர்க்கரையையும் எறக்கித்தான் மயங்கி விழுந்துட்டீங்க," என்றார்.

அவர் விளக்கியதை என் தொழிலில் வைத்துத்தான் புரிந்துகொண்டேன். சிறுநீரகம் முதலில் இரத்தத்தைச் சலிக்கிறது. சலித்ததில் கழிவோடு நல்லதும் விழுந்துவிடும், சர்க்கரையும் சத்தும். சின்னஞ்சிறு குழாய்கள் அந்த நல்லதைத் திரும்பப் பொறுக்கி இரத்தத்தில் சேர்க்கின்றன. மண்டியில் சல்லடைக்குக் கீழே விழுந்ததில் நல்ல காயைப் பெண்கள் பொறுக்கி எடுப்பது போல. எனக்குச் சல்லடை சுமாராக ஓடுகிறது, பொறுக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்பதுதான் டாக்டரம்மாவின் கேள்வி.

சோதனைகள் தொடர்ந்தன. ஒரு நாள் பூராவும் கழிக்கிற சிறுநீரை ஒரு பெரிய பழுப்புப் பாட்டிலில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நான் பாட்டிலைத் தூக்கியதும் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். நர்ஸம்மா அளந்துவிட்டுத் தலையை ஆட்டுவார். கையில் மருந்தை ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். தினமும் இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள். தசைகள் வேலை செய்வதில் உண்டாகும் கழிவு அது. சிறுநீரகம் வெளியே தள்ளாவிட்டால் இரத்தத்தில் ஏறும். எனக்கு நாளுக்கு நாள் ஏறியது. இப்படியே போனால் வயிற்றில் குழாய் வைத்து நீர் விட்டு நீர் எடுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், அதுவும் எத்தனை நாளைக்கென்று தெரியாது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். எனக்கு நாற்பத்தொரு வயது. சாவுப் பயத்தை விட, எதனால் சாகிறேன் என்று தெரியாமல் சாகப் போகிறேனே என்ற எரிச்சல்தான் பெரிதாக இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது அதுதான் உண்மை.

பக்கத்துப் படுக்கையில் தேவாரத்து விவசாயி சின்னமாயன், சிறுநீரகத்தில் கல். உப்பில்லாத ஆஸ்பத்திரிக் கஞ்சியை நான் தள்ளி வைத்தால், அவர் தன் வீட்டிலிருந்து வந்த எலுமிச்சம்பழத்தில் பாதியை அறுத்துப் பிழிந்துவிடுவார். ஜைத்தூன் தினம் மடியில் நாலு ஏலக்காய் முடிந்து வருவாள், தின்ன அல்ல, மோந்து பார்க்க. மருந்து வாடையில் அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று படுத்துக் கிடந்தவனுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். நாட்டு மருந்து, பஸ்பம் எதுவும் சாப்பிட்டேனா? இல்லை. பாம்பு கடித்ததா? இல்லை. பேட்டரி, பாதரசம், பெயின்ட்? இல்லை. எதையாவது உருக்கி, அறுத்து, ராவி வேலை செய்தேனா? பொறுக்கிற குழாய்கள் இப்படிப் படுத்துவிடுவதற்குச் சில உலோகங்களின் தூள் காரணமாக இருக்குமாம்.

என் வாய் இல்லை என்றது. காது இரண்டும் சூடாகிவிட்டது. ராவியதைச் சொன்னால் எதை என்று கேட்பார்கள். எதை என்று சொன்னால் எங்கிருந்து என்பார்கள். சத்தியம் செய்த கை போர்வைக்குள் கிடந்தது.

அவர் போனதும் சின்னமாயன் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"எங்க காட்டுல ஆன எறங்குனா, மக்யா நாள் தடத்தப் பாத்தே எத்தன உருப்படின்னு சொல்லிருவேன். ஒன்னய மிதிச்சது எதுன்னு அந்தம்மா தடம் பாத்துட்டுத் திரியுது. நீ தடத்த அழிக்காத பாயி," என்றார்.

அன்று சாயங்காலம் ஜைத்தூனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தண்டைத் தெரியும் அவளுக்கு, ராவியதும் தெரியும். என் வேட்டியைத் துவைத்தவள் அவள்தானே. எங்கிருந்து வந்தது என்பதும் என் சத்தியமும்தான் தெரியாது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஷேக்கை அவள் பிள்ளை மாதிரி வளர்த்தவள்.

"தம்பிக்கு இந்தச் சோலி போனா வேற சோலி வரும். ஒங்க கிட்னி போனா நான் எங்கிட்டுப் போய் வாங்குவேன்?" என்றாள். பிறகு எழுந்தாள். "சத்தியம் பண்ணது நீங்க. நான் பண்ணல."

மறுநாள் மத்தியானம் அவள் கொண்டு வந்த மூன்றடுக்கு டிபன் கேரியரின் அடி அடுக்கில் சோறு இல்லை. மண்டித் தராசிலிருந்து எடுத்துப் பழந்துணியில் சுற்றிய அந்தத் தண்டு இருந்தது. டாங்கியைத் துளைக்கச் செய்த சாமான், போடியிலிருந்து மதுரைக்கு ரயிலில் அவள் மடியில் உட்கார்ந்து வந்திருக்கிறது. அதை வார்டிலேயே இருந்த டாக்டரம்மாவின் மேசையில் வைத்து, ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. அவர் கண் பளிச்சென்று ஆனதை நான் பார்த்தேன். புற்றுநோய்க்குக் கதிர் வைக்கிற கோபால்ட் அறையில் வேலை பார்த்த பௌதிகக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கையில் ஒரு சின்னப் பெட்டி. கதிர்வீச்சு இருந்தால் டிக் டிக் என்று சொல்லும் பெட்டி. தண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அது கொறிக்க ஆரம்பித்தது.

அவர் எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மண்ணிலிருந்து எடுக்கிற யுரேனியத்தில் கொஞ்சூண்டுதான் அணு உலைக்கும் அணுகுண்டுக்கும் ஆகிற வகை. அதைப் பிரித்து எடுத்த பிறகு மிஞ்சுவது, கரும்பு பிழிந்த சக்கை மாதிரி, மலை மலையாகக் கிடக்கும். கதிர் குறைவு, ஆனால் ஈயத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். சும்மா கிடக்கிற கனமான சக்கையைப் பார்த்த ராணுவங்கள் அதில் குண்டு செய்யப் பார்த்தன. டாங்கியின் இரும்பில் பாயும்போது மழுங்காமல் கூர்மையாகிக்கொண்டே போகும், தூளானால் தீப்பற்றும். நான் கண்ட பொறி அதுதான். வெள்ளி தங்கமாகிக் கறுத்தது, காற்று பட்டு அது பிடிக்கிற துரு. கட்டியாகக் கையில் வைத்திருப்பதில் பெரிய ஆபத்து இல்லை, தூளாகி உள்ளே போனால்தான் வில்லங்கம். அப்போதும் கதிரை விட, பாதரசம் போல நஞ்சாக நின்று சிறுநீரகத்தைத்தான் முதலில் பிடிக்கும்.

"எங்க கோபால்ட் மிஷின் தலைக்குள்ளயும் இதே உலோகம்தான் இருக்கு பாய். கதிர் வெளிய வராமத் தடுக்கிறதுக்கு," என்றார்.

நான் எல்லாவற்றையும் மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மேல்மாடியில் நோயாளியைக் காப்பாற்றுகிற மிஷினிலும் அது, என் தம்பி ஏற்றிப் போன குண்டிலும் அது. அந்த மிஷினைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஜைத்தூன் கிள்ளினாள்.

அவர் தன் ஆய்வுத் தராசில் தண்டை நிறுத்து எண்ணைச் சொன்னார். ஷேக் கொடுத்த அன்று நான் நிறுத்ததற்குச் சரியாகப் பதினொரு கிராம் குறைவு. எங்கள் தொழிலில் குறைந்த எடைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எலி தின்றதா, ஈரம் காய்ந்ததா, சாக்கு ஓட்டையா என்று கேட்பார்கள். நான் சொன்னேன்: பெரும்பங்கு அரத்தின் பல்லில், மண்டியின் தரையில், என் வேட்டியில். மிச்சம்? டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எள்ளளவு போதுமாம்.

பழைய மருத்துவப் புத்தகம் ஒன்றில் தேடி அவர் வைத்தியத்தைத் தொடங்கினார். நரம்பில் ஏற்றியது பெரிய சீமை மருந்து ஒன்றும் இல்லை, ஆப்பச் சோடாவின் சுத்தமான உறவுக்காரன். சிறுநீரில் புளிப்பைக் குறைத்தால் அந்த உலோகம் குழாயில் ஒட்டாமல் கரைந்து வெளியேறும் என்றார். நாள் கடந்ததால் அது எவ்வளவு கேட்கும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஐந்தாம் நாள் கிரியாட்டினின் ஏறாமல் நின்றது. எட்டாம் நாள் இறங்கியது. குழாய் வைக்கத் தேவைப்படவில்லை. ஸ்பிரிட் விளக்கில் என் நிறம் செங்கலிலிருந்து மஞ்சளாகி, பச்சையாகி, ஒரு வெள்ளிக்கிழமை நீலமாகவே நின்றது. நர்ஸம்மா அந்தக் குழாயைப் படுக்கைக்கே கொண்டு வந்து காட்டினார். நானும் ஜைத்தூனும் அழுதோம். சின்னமாயன், அடுத்த படுக்கைக்காரன் அழுதால் தன் கல் அசையாது என்று அலுத்துக்கொண்டார்.

இந்தத் தூளால்தான் வந்தது என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். முடியாது என்றார். அந்த அளவு நுட்பமாக என் சிறுநீரில் அந்த உலோகத்தை அளந்து பார்க்க இங்கே வழியில்லை; தடம் பொருந்துகிறது, மிருகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் சொல்வேன் என்றார். சின்னமாயன் அவரிடமும் பேசியிருக்கிறார் போலிருக்கிறது. தண்டை ஒரு ஈயப் பாத்திரத்தில் போட்டுப் பௌதிகக்காரர் பூட்டி வைத்துக்கொண்டார். மண்டியின் எடை அறையை ஈரத்துணியால் துடைத்து, அரத்தையும் துணியையும் கட்டிக் கொண்டுவந்து தரச் சொன்னார். நான் வீடு திரும்புமுன் ஜைத்தூன் மூக்கைக் கட்டிக்கொண்டு அதைச் செய்து முடித்தாள்.

நான் வீட்டுக்கு வர இரண்டு நாள் இருக்கும்போது ஷேக் கப்பலிலிருந்து வந்து, போடிக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். அண்ணி கடிதத்தில் சொல்லியிருந்தாள். நான் வார்த்தையைக் காப்பாற்றவில்லை என்று சண்டை போடுவான் என்று எதிர்பார்த்து, பதில்களை மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவன் கட்டில் காலடியில் உட்கார்ந்து, தூள்தான் காரணமா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். ஆமாம் போலிருக்கிறது என்றேன். அவன் முகம் செத்துவிட்டது.

"அண்ணே, பெட்டி ஒடைஞ்சப்போ தண்டுக மேல பூரா கறுப்பும் மஞ்சளுமாப் பொடி பூத்திருந்துச்சு. உப்புத் தண்ணி பட்டது. அத நாங்க பதினாலு பேரு வெளக்கமாத்த வச்சுப் பெருக்குனோம். அடித்தளத்துல காத்தே கெடையாது."

அவனையும் டாக்டரம்மா சோதித்தார், நீலம். அவன் பெருக்கியது கொஞ்சம், மேலே ஏணிப்படியில் நின்று தண்டுகளை வாங்கி அடுக்கியது அதிகம். மற்ற பதின்மூன்று பேர் தூத்துக்குடி, கோழிக்கோடு, ரத்தினகிரி என்று கடற்கரை நீளத்துக்கும் கிடந்தார்கள். ஒருவருக்கும் அது என்ன பொடி என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர்களுக்கு எழுதினால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். உனக்கு எப்படித் தெரிந்தது என்பார்கள். தண்டைத் திருடியது வெளியே வரும்.

ஷேக் வார்டு வராந்தாவுக்குப் போய் நின்றான். அரை மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தவன், உன் கையெழுத்து நன்றாக இருக்கும், நீ எழுது அண்ணே என்றான். மூட்டை மேல் குறி எழுதிப் பழகிய கையால் பதின்மூன்று கடிதம் எழுதினேன். இரத்தத்திலும் சிறுநீரிலும் இரண்டிலும் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள் என்று ஒவ்வொன்றிலும் அடிக்கோடு போட்டேன். ஒவ்வொன்றின் அடியிலும் அவன் தன் பெயரையும் கப்பல் புத்தக எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். எண் வேண்டாம் என்றேன். அப்போதுதான் நம்புவார்கள் என்றான்.

நினைத்தபடியே நடந்தது. அவனுக்கு மறு அழைப்பு வரவில்லை; ஜீப் ஓட்டப் போனான். கம்பத்துப் பெண் வீட்டார் இரண்டு மாதம் யோசித்தார்கள். பிறகு குரங்கணி ரோட்டில் ஜீப் ஓட்டுகிறவனுக்கும் பெண் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். நான் மண்டிக்குத் திரும்பிவிட்டேன். உப்பு பாதிதான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரை. தராசில் மறுபடி ஆணி முடிச்சு.

நிக்காஹ் முடிந்த வாரத்தில் தூத்துக்குடியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கப்பலில் ஷேக்கோடு பெருக்கியவரின் மனைவி, பிள்ளையை விட்டு எழுத வைத்திருந்தார். நாங்கள் எழுதியது வேறு விலாசத்துக்குப் போய்ச் சுற்றித் தாமதமாகக் கிடைத்ததாம். கணவருக்குச் சர்க்கரை வியாதி என்று மாத்திரை கொடுக்கிறார்கள், மாத்திரை போட்ட நாளெல்லாம் வேர்த்து விழுந்துவிடுகிறார், நீங்கள் எழுதியது இதுதானா என்று கேட்டிருந்தார். ஷேக் கல்யாணச் சட்டையோடு பஸ் ஏறினான். நாலு நாள் கழித்து வந்தான்.

"ரத்தத்துல ஒண்ணுமில்லண்ணே. மாத்திரைய நிறுத்திட்டாய்ங்க. கருப்பட்டி குடுக்கச் சொன்னேன்," என்றான்.

பதின்மூன்று பேரில் ஐந்து பேரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. எட்டுப் பேரிடமிருந்து வரவில்லை. நான் ராவியது பதினொரு கிராம் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பெருக்கியதை யாரும் நிறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். அந்தக் கப்பலின் அடித்தளத்தில் கறுப்புப் பொடியைப் பெருக்கியவர் யாராவது உங்கள் தெருவில் இருந்து, அவருக்குச் சர்க்கரை என்று சொன்னால், மாத்திரையைத் தொடுமுன் இரத்தத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.